விதைநெல் மூட்டைக்குள் தட்டைப்பயறு எதற்கு?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த சம்பாவுக்கு விதைநெல் வாங்கியவர்கள் மூட்டைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் தட்டைப்பயறைப் பார்த்திருப்பீர்கள். தவறி விழுந்துவிட்டதா என்று மூன்று பேர் போன் செய்து கேட்டாயிற்று. நாங்கள்தான் போட்டோம். காசு கிடையாது. வரப்பில் ஊன்றுவதற்காகக் கொடுத்தது.

காய்த்தால் உங்கள் வீட்டுக் குழம்புக்கு ஆகும். ஆனால் எங்கள் கண் அதில் வரப்போகும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சிமேல். போன சம்பாவில் ஒருவர் பயறுக்கொடியைப் பிடுங்கிவந்து மேசைமேல் போட்டார். நுனி முழுக்கக் கறுப்பு அசுவினி. "மருந்து கொடுங்க" என்றார். கொடியைத் திருப்பிக் காட்டினோம். அசுவினிக்கு நடுவே அதைத் தின்னும் பொறிவண்டு, பக்கத்தில் குட்டி முதலை மாதிரி பொறிவண்டின் புழு. பயறில் வரும் அந்த அசுவினி நெல்லுக்குப் போகாது, பொறிவண்டு போகும். நெல்லில் பூச்சி சேருமுன்பே பொறிவண்டுக்கு வரப்பில் சாப்பாடு கிடைத்தால் பக்கத்திலேயே தங்கிவிடும். அவர் அரைமனதோடுதான் திரும்பிப் போனார்.

நெல்லின் தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்குப் பெரிய எதிரி சிலந்தி. வலை கட்டாமல், தூருக்கடியில் தண்ணீர்மேலேயே ஓடுமே, அந்தப் பழுப்பு நிற ஓநாய்ச் சிலந்தி. முட்டைப்பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரியும், குஞ்சு பொரித்ததும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் நாளில் இது ஒண்டுவது வரப்புப் புல்லில்தான். அதனால் வரப்பை மொட்டையாகச் செதுக்காதீர்கள், களைக்கொல்லியும் வேண்டாம். புல் இல்லாத இடத்தில் வைக்கோலைக் கட்டிப் போட்டு வையுங்கள். எலி வரும் என்பீர்கள், நியாயம்தான். வரப்பு அகலமாக, உயரமாக இருந்தால் எலிக்கு வளை தோண்ட வாகு. ஒடுக்கமாக வையுங்கள், ஆந்தை உட்கார நாலு குச்சியும் நட்டுவிடுங்கள்.

சரி, மருந்து அடித்தால் என்ன ஆகிறது? புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்தில் சிலந்தி சாகும், அந்த முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் பூச்சியும் சாகும். முட்டை தப்பிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வரும் குஞ்சைத் தின்ன வயலில் ஆள் இருக்காது. அடிக்க அடிக்கப் புகையான் கூடுவது இதனால்தான். இந்தோனேசியாவில் இது முற்றிப்போய், 1986இல் நெல்லுக்கு அடித்துவந்த 57 பூச்சிமருந்துகளை அரசே தடை செய்தது.

மருந்து விற்கிற கடை இப்படிச் சொல்லலாமா என்று எங்கள் கடைப் பையனே கேட்டான். விற்கிறோம், இனியும் விற்போம். ஆனால் எண்ணிவிட்டு வாருங்கள். தூருக்கு ஒரு புகையான் என்றால் மருந்து வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. குத்துக்கு, அதாவது சேர்ந்து நிற்கும் தூர்க்கூட்டத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குத்தை லேசாகச் சாய்த்துத் தட்டினால் இரண்டும் தண்ணீரில் விழும், அங்கேயே எண்ணிக்கொள்ளலாம். சிந்தெடிக் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைப் புகையானுக்கென்று கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொட்டலம் கிடைக்காதவர்கள் கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். நட்ட கையோடு ஊன்றிவிடுங்கள். ஐப்பசி மழை பிடிக்குமுன் பயறு வேர் பிடித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் விதைக்கடை