சிவிதாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

தமிழ்க் குழுக்களை இத்தாலிக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் சிவிதா டி பாஞோரேஜோ என்ற சின்ன ஊருக்காக எழுதுகிறேன். நான் பார்த்த பயணத் திட்டங்கள் பலவற்றில் அந்த ஊரே இல்லை. இருக்கும் ஒன்றிரண்டிலும், எதிர் மேட்டில் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்புவதோடு சரி. தயவுசெய்து ஊருக்குள் கூட்டிப் போங்கள்.

குன்றின் மேல் கல் வீடுகள் என்பது படத்திலேயே தெரியும். அந்தக் குன்று ஏன் தனித்து நிற்கிறது என்பதுதான் விஷயம். அடியில் இருப்பது பழைய கடலடிக் களிமண். அதன்மேல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் பாறை. ஊர் உட்கார்ந்திருப்பது அந்தப் பாறையில். மழையும் ஓடைகளும் களிமண்ணை அரிக்க அரிக்க, பிடிமானம் போன பாறை ஓரத்திலிருந்து பாளம் பாளமாகச் சரிகிறது. எட்ரஸ்கர்கள் என்ற பழங்கால இத்தாலிய மக்கள் 2,500 வருடங்களுக்கு முன் குடியேறிய ஊர் இப்படித்தான் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிர்வாகமும் ஆயரும் பக்கத்துப் பாஞோரேஜோவுக்கு மாறிவிட்டார்கள். இப்போது நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான்.

ஊரின் நுழைவாயிலான சாண்டா மரியா வாசலில் மனிதத் தலைகளைப் பிடித்திருக்கும் கல் சிங்கங்களைக் காட்டுங்கள். உள்ளே போனதும் ஒரு மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கும். ஜன்னல்கள் இருக்கும், பின்னால் அறைகள் இருக்காது. ஜன்னல் வழியே வானம்தான் தெரியும். மற்றதெல்லாம் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அங்கே நின்று இதை ஒருவர் சொல்லாவிட்டால், வந்தவர்கள் அதை ஒரு பழைய சுவர் என்று கடந்துவிடுவார்கள். 13-ம் நூற்றாண்டுப் புனிதர் பொனவெந்தூரா பிறந்த வீடும் இப்படிச் சரிந்து போனதுதான். சான் டொனாட்டோ தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் ஜூனிலும் செப்டம்பரிலும் கழுதைப் பந்தயம் நடக்கும். தேதி ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், 2012-ல் திறந்த நிலவியல், நிலச்சரிவு அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டுத் தெருவில் நடந்தால், காலடியில் இருக்கும் பாறையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். என்னைக் கேட்டால், நேரம் குறைவு என்றால் கடைகளை விடலாம், இதை விடக் கூடாது.

ஊருக்குள் நுழைவதற்கான கட்டணம் 2013-ல் ஒன்றரை யூரோவில் தொடங்கி, பிறகு 5 யூரோ ஆனது. அதைப் பயணத் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். வாசலில் பணப் பேச்சு வேண்டாம். ஊருக்கு நடந்துதான் போக வேண்டும். பழைய பாலத்தை 1944-ல் ஜெர்மன் படை தகர்த்தது. இப்போதைய நடைபாலம் 1965-ல் கட்டியது. நீளம் சுமார் 300 மீட்டர், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் அவர்கள் மெதுவாக ஏறி முடிக்கும்படி காலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பயணி