ஒலிபரப்புக் கருவி வந்தது, செய்தி ஆசிரியருக்குச் சம்பளம் வரவில்லை

வளரும் நாடுகளில் ஊர் மக்களே நடத்தும் சமுதாய ஊடகங்களுக்கும் இதழியல் பயிற்சிக்கும் நிதி வழங்கும் அரசுகள், அறக்கட்டளைகள், பன்னாட்டு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தி வைத்தது. அப்போது எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு ஒரு கணக்கை எடுத்துக் காட்டியது. 2023இல் மட்டும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் பணத்தில் 6,200 பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சியும் ஆதரவும் கிடைத்திருந்தன. 707 அரசு சாராச் செய்தி நிறுவனங்கள் உதவி பெற்றிருந்தன. 2025க்கு ஒதுக்கிய தொகை 26.8 கோடி டாலர். அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனத்தின் கதவே சாத்தப்பட்டது. மற்ற சில நாடுகளும் கையைச் சுருக்கிக்கொண்டன.

பெரிய இழப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இல்லாத ஓர் எண்தான் என்னை உறுத்தியது. அந்த 6,200 பேரில் எத்தனை பேர் இரண்டு ஆண்டு கழித்தும் அதே வானொலி நிலையத்தில், அதே பத்திரிகையில் வேலை பார்க்கிறார்கள்? இது அமெரிக்கர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. உங்களில் பலருடைய ஆண்டறிக்கைகளிலும் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. நிலைத்தவர்களுக்குக் கட்டம் இருந்து நான் பார்த்ததே இல்லை.

உலக நாடுகள் தரும் வளர்ச்சி உதவித் தொகையில் ஊடகத்துக்குப் போவது ஆயிரத்தில் சுமார் இரண்டு பங்குதான். அதுவும் இப்போது குறைகிறது. குறைந்த பணத்தை எங்கே போடுவது என்று நீங்கள் கூடிப் பேசும் இந்த நேரத்தில் நான் கேட்பது ஒன்றே: பயிற்சிப் பட்டறைகளைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தில் நிலையங்களிலேயே தங்கி வேலை செய்யும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.

பட்டறை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். தலைநகரத்தில் ஒரு ஓட்டல், ஐந்து நாள், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வல்லுநர், அவர் பேசுவதை மொழிபெயர்க்க ஒருவர், திரையில் ஓடும் படங்கள். கடைசி நாள் சான்றிதழும் குழுப் புகைப்படமும். தினப்படி உண்டு என்பதால், வரவேண்டிய செய்தியாளருக்குப் பதில் நிலைய மேலாளரோ அவருடைய மைத்துனரோ வந்து உட்கார்ந்திருப்பார். இது ஊழல் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளமே இல்லாத இடத்தில் ஐந்து நாள் தினப்படிதான் சம்பளம். பசித்தவர் பந்திக்கு வருவதில் வியப்பென்ன?

உண்மையான இழப்பு அதற்குப் பிறகு தொடங்குகிறது. பட்டறைக்குத் தப்பித் தவறி ஒரு நல்ல செய்தியாளர் வந்துவிட்டால், அவர் கற்றுக்கொள்வார், ஆங்கிலமோ பிரெஞ்சோ கொஞ்சம் பேசப் பழகுவார், அறிக்கை எழுதப் பழகுவார். ஓராண்டுக்குள் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் அவரைத் தகவல் தொடர்பு அலுவலராக எடுத்துக்கொள்ளும், நிலையம் கனவிலும் தர முடியாத சம்பளத்துக்கு. பல நேரங்களில் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் நிதி தருவது நீங்கள்தான். ஒரு கையால் செய்தியாளரை உருவாக்கி, மறு கையால் அவரைச் செய்தித் தொழிலிலிருந்து தூக்கி விடுகிறீர்கள். கிராமத்து நிலையத்தில் மறுபடியும் பதினெட்டு வயதுத் தன்னார்வலர் மைக் முன்னால் உட்கார்கிறார். அடுத்த ஆண்டு அவருக்கும் ஒரு பட்டறை. நான் பயிற்சியாளர் தரப்பில் இருந்தவன். எனக்கு இதில் வருமானம் உண்டு, அதனால்தான் எங்கள் தரப்பு இதைப் பேசுவதில்லை.

நிலைத்த பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் ‘கபர் லஹரியா’ என்ற பத்திரிகை தொடங்கியபோது அதன் செய்தியாளர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். பலர் அதிகம் படிக்காதவர்கள். வட்டார மொழியில் பத்திரிகையை எழுதி, அச்சிட்டு, தாங்களே கொண்டுபோய் விற்றார்கள். செய்யச் செய்யக் கற்றார்கள். யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது 2009இல். தொடக்கத்துக்கும் பரிசுக்கும் நடுவே ஏழு ஆண்டு. எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏழு ஆண்டு என்று எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? தெலங்கானாவில் கிராமத்துப் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவும் அப்படித்தான். 2008இல் ஒலிபரப்பு தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெண்கள் சங்கங்களாகக் கூடி, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பழகியிருந்தார்கள். உரிமம் வந்த நாளில் அவர்களிடம் சொல்ல விஷயம் இருந்தது.

செய்தி ஆசிரியர் ஒருவர் நிலையத்திலேயே இருந்தால் என்ன நடக்கும்? உள்ளாட்சி அலுவலகத்தின் வரவுசெலவுக் கணக்கை இளம் செய்தியாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார். போட்டதாகச் சொல்லும் சாலை உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து வரச் சொல்வார். குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பேசினாயா என்று கேட்பார். தவறான செய்தி போனால் மறுநாள் அதே நேரத்தில் திருத்தம் வாசிக்க வைப்பார். அவதூறு வழக்கு வராமல் எப்படி எழுதுவது, வந்தால் யாரைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பார். இதில் எதுவும் ஐந்து நாளில் வராது. தப்புச் செய்த அன்றைக்கே பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். ஒலிபரப்புக் கருவி வாங்கித் தர நீங்கள் தயங்கியதே இல்லை, ஏனென்றால் அதைப் படம் எடுக்கலாம். உங்கள் கொள்முதல் விதிப்படி உங்கள் நாட்டிலேயே வாங்கப்பட்ட கருவி அது. மின்னல் தாக்கியோ மின்னழுத்தம் ஏறி இறங்கியோ உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் எரிந்தால், அந்தப் பகுதியில் எங்கும் மாற்று உதிரி கிடைக்காது. கிடைத்தாலும் பொருத்தத் தெரிந்தவர் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல், கோபுரத்துக்கு மின்னல் காப்பு, மாத மின்கட்டணம் ஆகியவை ‘தகுதியற்ற செலவினம்’ என்ற தலைப்பின் கீழ் வரும். நிலையம் ஊமையாகிப் போவதற்கு அரசுத் தடையே வேண்டாம், இது போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நிலையத்தின் அன்றாடச் செலவுக்குப் பணம் தர மறுக்கும் நீங்கள், நிகழ்ச்சி நேரத்தை விலைக்கு வாங்கத் தயங்குவதில்லை. திங்கள் கை கழுவுதல், செவ்வாய் தடுப்பூசி, புதன் குழந்தைத் திருமணத் தடுப்பு, வியாழன் பருவநிலை. ஒவ்வொன்றும் நல்ல விஷயம். ஆனால் வாரம் முழுவதும் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் நிலையம், தண்ணீர் வராத தெருவைப் பற்றி எப்போது பேசும்? கேட்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது வதந்திகளை மறுக்க வானொலி எவ்வளவு உதவியது என்று நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அன்றைக்கு மக்கள் ஒரு குரலை நம்பினார்கள் என்றால், அந்த நம்பிக்கை அதற்கு முன்னால் சாதாரண நாள்களில், சாதாரண செய்திகளால் சேர்ந்தது. நீங்கள் வாங்குவது விளம்பர நேரம். நம்பிக்கையைச் சேர்த்தவருக்குச் சம்பளம் இல்லை.

சம்பளம் கொடுத்தால் சார்ந்திருக்கும் பழக்கம் வந்துவிடும், நிலையம் தன் காலில் நிற்க வேண்டும் என்பீர்கள். ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. நானும் ஒன்று கேட்கிறேன். ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்காக மாதம் 18.36 யூரோ சட்டப்படி கட்டுகிறது. பிரிட்டனில் பிபிசிக்கு உரிமக் கட்டணம். பிரான்சில் சங்கங்கள் நடத்தும் உள்ளூர் வானொலிகளுக்கென்றே 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நிதி உருவானது. அது இன்றும் ஆண்டுதோறும் அவற்றுக்கு மானியம் தருகிறது. அந்த வானொலிகளிடம் மூன்றாம் ஆண்டு முடிவில் நீங்கள் தன்னிறைவு அடைந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. உலகிலேயே வசதி மிகுந்த கேட்பாளர்களின் வானொலிக்குப் பொதுப் பணம் முறையானது, விளம்பரம் கொடுக்கக் கடையே இல்லாத ஊரின் வானொலிக்கு மட்டும் அது கெட்ட பழக்கமா?

தன் காலில் நின்ற வானொலிகளும் வரலாற்றில் உண்டு. 1940களின் இறுதியிலிருந்து பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து நிலையங்கள் நடத்தினார்கள். 1980இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, தலைநகரின் குரல்கள் அடங்கிய பிறகும் சுரங்க வானொலிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தன. 1985இல் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு நடந்தது, வானொலிகளும் ஒவ்வொன்றாக மங்கின. கேட்பவரின் வருமானம் இருக்கும் வரை நிலையம் இருக்கும். வறிய பகுதியில் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை. உள்நாட்டிலேயே நிதிக்கு வழி செய்யலாம் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு சான்று: 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊடக வளர்ச்சி, பன்முகத்தன்மை முகமை, அரசிடமும் பெரிய ஊடக நிறுவனங்களிடமும் பணம் பெற்றுச் சமுதாய ஊடகங்களுக்குக் கொடுக்கிறது. குறைகள் இல்லாத அமைப்பு அதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட உள்நாட்டு நிதியங்களை நிறுவப் போட்டால், நீங்கள் போன பிறகும் ஏதாவது மிஞ்சும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் மௌனமாக இருப்பதும் சரியில்லை. ஆப்பிரிக்காவின் முன்னோடிச் சமுதாய வானொலிகளில் ஒன்று கென்யாவின் ஹோமா பேயில் யுனெஸ்கோ உதவியோடு 1982இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில் அரசு அதை மூடியது. தெற்காசியாவின் முதல் சுதந்திரச் சமுதாய வானொலி என்று பெயர் பெற்ற நேபாளத்தின் ரேடியோ சகர்மாதா 1997இல் வந்தது. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்ததும் பண்பலை நிலையங்கள் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. செய்தி வாசிக்கத்தானே தடை, பாடுகிறோம் என்று செய்தியைப் பாடிய வானொலிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். கூடவே நீதிமன்றமும் போனார்கள். இந்தியாவில் இன்றுவரை சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. அலைவரிசை பொதுச் சொத்து என்று அதன் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொன்ன நாடு அது. செய்தி சொல்லவே உரிமை இல்லாத நிலையத்தில் இதழியல் பயிற்சி நடத்திவிட்டு, அதே வாரம் அந்நாட்டு அமைச்சரோடு கைகுலுக்கும்போது இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்புகிறீர்கள்.

ஆபத்து இல்லாத தொழிலும் இல்லை இது. 2008 ஏப்ரலில் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், திரிக்கி பழங்குடி மக்களின் வானொலியில் பணியாற்றிய தெரசா பவுதிஸ்தா, ஃபெலிசிதாஸ் மார்த்தினெஸ் என்ற இரண்டு இளம்பெண்கள் பதுங்கித் தாக்கியவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரிய பத்திரிகையின் நிருபருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கும். இவர்களுக்குப் பின்னால் நின்றது ஊர் மட்டும்தான். உங்கள் நிதித் திட்டங்களில் காப்பீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தனித் தொகை வையுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒரு நிலையத்துக்கு உதவுவதானால் ஐந்து ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஐம்பது நிலையங்களுக்கு ஓராண்டு கொடுப்பதைவிடப் பத்து நிலையங்களுக்கு ஐந்தாண்டு கொடுங்கள். அந்தப் பணத்தில் முதலில் ஒரு செய்தி ஆசிரியர், ஒரு தொழில்நுட்பர், மின்கட்டணம். மற்றதெல்லாம் பிறகு. பயிற்சியாளரை அந்த வட்டாரத்திலேயே தேடுங்கள். பக்கத்து மாவட்டத்து நிலையத்தில் பத்து ஆண்டு பழம் தின்று கொட்டை போட்டவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அறிக்கையை நிலையத்தார் தங்கள் மொழியில் எழுதட்டும், மொழிபெயர்ப்பு உங்கள் செலவு. உங்கள் விழிப்புணர்வு நிகழ்ச்சியை வேண்டாம் என்று சொன்ன நிலையத்துக்கு அடுத்த தவணை நிற்காது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விலகுவதானால் ஓராண்டு முன்பே சொல்லுங்கள். 2025இல் பலருக்கு அந்த ஓராண்டு கிடைக்கவில்லை. மாதச் சம்பளத் தேதிக்கு முன்பே செய்தி மட்டும் வந்தது.

அடுத்து நீங்கள் வெளியிடும் விண்ணப்ப அழைப்பில் ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள்: முந்தைய திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் செய்தித் தொழிலில், அதே ஊரில் இருக்கிறார்கள்? அதை நிலையங்கள் நிரப்புவதற்கு முன்னால், கடந்த பத்தாண்டுக்கு உங்கள் தரப்பு எண்ணை நீங்கள் நிரப்பி வெளியிடுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சமுதாய வானொலிப் பயிற்சியாளர் ஒருவர்