ஏப்ரலில் கிளம்புகிறேன், கோமதி

அல்சூர், பெங்களூரு
பிப்ரவரி 27

அன்புள்ள கோமதி,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை, போனும் செய்யவில்லை. ஜூன் மாதம் நீ "நாப்பத்தி நாலு வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டாயே, அதற்குக் கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அப்புறம் இருந்ததெல்லாம் கூச்சம். நீ கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் செய்தி. செவ்வாய்க்கிழமை காலையில் ஜப்பானிலிருந்து தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. அதை சி.ஓ.இ. என்பார்கள். நாம் சேரும் மொழிப்பள்ளிதான் அங்கே குடிவரவுத் துறையிடம் நமக்காக விண்ணப்பிக்கும். அது கையில் கிடைத்த பிறகுதான் இங்கே விசாவுக்கே போக முடியும். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த நாட்டில் கால் வைத்தாக வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் கிளம்புகிறேன். ஊர் ஃபுகுவோகா. ஒரு வருடம், ஜப்பானிய மொழி படிக்க.

வேலையை விட்டுவிட்டேன். ஆமாம், விட்டேவிட்டேன்.

உன் மாமியாரின் கால் எப்படி இருக்கிறது? ஒல்லி வீடு கட்டி முடித்துவிட்டாளா, இல்லை இன்னும் மேஸ்திரியோடு சண்டைதானா? பாப்பாவுக்குச் சென்னை விடுதி பழகிவிட்டது. சாம்பாரில் வெல்லம் இல்லை என்று வருத்தப்படுகிறாள், பெங்களூரில் வளர்ந்த நாக்கு. இவர் மூன்று நாள் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் காலையில் காபியோடு வந்து "சரி, கணக்குப் போட்டுட்டேன், சமாளிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் வீட்டுச் செய்தி. அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே.

ஆபீஸ் கதையைக் கேள். பதினேழு வருடம் வேலை பார்த்த இடம். ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு கேட்டேன். மூன்று மீட்டிங் போட்டார்கள். பிரசவத்துக்கு, உடம்புக்கு என்றால் யோசிக்கலாமாம், படிப்புக்கு என்றால் இடமில்லையாம். அதுவும் நான் படிக்கப் போவது எங்கள் பெரிய வாடிக்கையாளர் பேசும் மொழி! அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. இதில் இன்னொரு சிக்கல், 90 நாள் நோட்டீஸ். சான்றிதழ் வரும் வரை காத்திருந்தால் ஏப்ரல் தவறிவிடும். அதனால் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே டிசம்பர் கடைசியில் ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாதம் வயிற்றில் நெருப்பு. இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

உனக்கும் உபயோகப்படும் ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் காப்பீட்டில் அம்மாவையும் சேர்த்திருந்தேன் இல்லையா? வேலையை விட்டால் அது நின்றுவிடும். எழுபத்து நாலு வயதில், சர்க்கரையோடு, புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் குழுக் காப்பீடு முடிவதற்கு முன்பே அதே கம்பெனியின் தனிக் காப்பீட்டுக்கு மாற்றிக் கேட்டால், இதுவரை இருந்த வருடங்களும் கணக்கில் சேரும். பிரீமியம் கூடுதல்தான், கட்டிவிட்டேன். யாராவது வேலையை விடப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னால் முதலில் இதைச் சொல்லு.

சரி, எதற்கு என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். ஒன்பது வருடமாக வாரம் இரண்டு முறை ஜப்பான்காரர்களோடு மீட்டிங். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்தப் பக்கம் அரை நிமிஷம் பேசுவார்கள், ஒருவர் ஏதோ சேர்த்துச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். நமக்கு வருவது ஒரு வரி: "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்கிறார்கள்." மீதி எங்கே போனது? எதற்குச் சிரித்தார்கள்? ஒன்பது வருடம் பழகிய மனிதர்கள், கோமதி. அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று கடைசி மீட்டிங்கில் ஐந்து நிமிஷம் பேசினார். குரல் தழுதழுத்தது. மொழிபெயர்ப்பு "எல்லோருக்கும் நன்றி" என்று முடிந்துபோனது. அடுத்த வாரமே வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்தேன். அது 2022.

சேர்ந்த பிறகு ஆனது வேறு கதை. இவ்வளவு நாள் யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். நீதான் சரியான ஆள், தமிழ் வகுப்பில் முதல் பெஞ்சை விட்டு நகராதவள்.

வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானியத்துக்கு மாற்றுகிறவர்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஆசிரியை "தபெதெ மிரு" என்று பலகையில் எழுதினார். தபெதெ என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! கண்ணால் பார்ப்பது இல்லை, சாப்பிட்டு எப்படி இருக்கிறது என்று அறிவது, நாம் சொல்கிற அதே பொருள். பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்தார்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் வரிசையாக வந்தது. "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. "ஒஷியெதெ குதசாய்" என்றால் சொல்லிக் கொடுங்கள், அங்கேயும் 'கொடு' என்கிற வினைதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. "கினோ கத்த ஹொன்", நேற்று வாங்கிய புத்தகம். ஆங்கிலத்தில் தலைகீழாக்க வேண்டியது, நமக்குச் சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது. 'தொ' என்று ஒரு சொல்லை விளக்க ஆசிரியை பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். நான் நோட்டில் 'என்று' என்று எழுதி மூடிவிட்டேன். "மழை வரும் என்று சொன்னார்" என்பதில் வரும் 'என்று'தான் அது, அதே இடத்தில்.

கொரெ, சொரெ, அரெ, தொரெ என்று நான்கு சொல். கொரெ இது, அரெ அது, தொரெ எது. நடுவில் இருக்கும் சொரெ என்ன? கேட்பவர் பக்கத்தில் இருப்பது. நமக்கு இது இல்லையே என்று நினைத்தேன். பிறகு எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா என் பக்கத்தில் இருந்ததைக் காட்டி "உதை எடுங்கோ" என்றபோதுதான் உறைத்தது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்வதை நீ ஒப்பித்துக் காட்டுவாயே! நாம் தொலைத்த 'உ'வை அந்த அக்கா வாயில் கேட்டு, ஜப்பானிய இலக்கணத்தைப் புரிந்துகொண்டேன்.

குறில் நெடிலும் அப்படித்தான். ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதெ என்றால் வா, கித்தெ என்றால் தபால்தலை. படு, பட்டு என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் என்ன கஷ்டம்? மாத்திரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அந்த மொழியின் தாளம் பிடிபட்டுவிடும்.

இதோ, "பார்த்தியா, எல்லாம் தமிழ்லேருந்து போனதுதான்" என்று நீ எழுந்து நிற்பது தெரிகிறது. உட்கார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் பல வருடம் இதையே ஆராய்ந்தார். பொங்கலையும் அங்கே ஜனவரி நடுவில் நடக்கும் சடங்குகளையும்கூட ஒப்பிட்டார். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. துருக்கி மொழியும் இதே வரிசையில்தான் வாக்கியம் கட்டுகிறது, அதனால் துருக்கி நமக்குச் சித்தப்பா ஆகிவிடாது. எனக்கு அந்த உறவு நிரூபணமாக வேண்டும் என்றே இல்லை. என் வாய்மொழியை வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுக்குள் முட்டாமல் நடக்க முடிகிறது, அந்தச் சந்தோஷமே எனக்குப் போதும்.

முட்டுகிற இடமும் உண்டு. சீனத்திலிருந்து வந்த காஞ்ஜி எழுத்து, அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136. பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு. அதற்குத் தமிழ் துணைக்கு வராது, எழுதி எழுதித்தான் பழக வேண்டும். தினமும் காலையில் பத்து எழுத்து எழுதுகிறேன், பாப்பாவின் பழைய கட்டம் போட்ட கணக்கு நோட்டில்.

தேர்வு விஷயம் உனக்குத் தெரியாது. ஜே.எல்.பி.டி. என்று ஜப்பானிய மொழித் திறனுக்கு ஒரு தேர்வு, அதில் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலை, என்1தான் உச்சம். முதல் இரண்டு நிலை தேறிவிட்டேன். டிசம்பரில் இங்கேயே என்3 எழுதினேன். 180க்கு 95 எடுத்தால் போதும், எனக்கு 101. ஆனாலும் தேறவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 வேண்டும், கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் எனக்கு 17. கண் படித்துவிட்டது, காது படிக்கவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு காதைப் படிக்க வைக்க முடியாது, கோமதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பேச்சு, கடைக்காரர் சில்லறை கேட்பது, குழந்தையை அம்மா திட்டுவது, இதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

செலவு? பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் யென், நம் பணத்தில் நாலரை லட்சத்துக்குப் பக்கம். தங்குவது சாப்பிடுவது தனி. டோக்கியோவை விட ஃபுகுவோகாவில் வாடகை குறைவு, ஊரும் அடக்கம். விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமே ஹகாதா, ஊரின் பெரிய ஸ்டேஷன். அனுமதி வாங்கினால் மாணவர்கள் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் ஆறு மாதம் நான் செய்யப்போவதில்லை. கிராஜுவிட்டி பணம் இதற்குத்தான்.

வயது கூடியவர்களிடம் "இப்போது ஏன் படிக்க வருகிறீர்கள்" என்று ஒரு விளக்கக் கடிதம் கேட்கிறார்கள். நீ கேட்ட அதே கேள்வி! முதலில் பதவி உயர்வு, வாய்ப்பு என்று ஏதேதோ எழுதினேன். ஆசிரியை படித்துவிட்டு, "இதில் நீங்கள் இல்லையே" என்றார். கிழித்துவிட்டு அந்த அரை நிமிஷத்தைப் பற்றி எழுதினேன். ஓய்வு பெற்றவரின் தழுதழுத்த குரலைப் பற்றி எழுதினேன். அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியபோதுதான் கை நின்றது. அம்மாவை நேரில் 'ஒகாசன்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஆனால் வெளியாளிடம் தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹஹா', மரியாதை ஒட்டு ஒன்றும் கிடையாது. நம் வீட்டு ஆளை வெளியில் தாழ்த்திச் சொல்வதுதான் அங்கே பண்பு. நாமோ ஊர் முழுக்க "அம்மா சொன்னாங்க" என்பவர்கள். இலக்கணப்படி ஹஹா என்றுதான் எழுதினேன், மனசு கேட்கவில்லை.

இனி அம்மா.

அம்மாவுக்கு இரண்டு காதும் மெஷின்தான் இப்போது. போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெஷின் கீச்சென்று கத்தும், கழற்றினால் ஒன்றும் கேட்காது. வீடியோவில் என் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள். நான் காது பழகப் போகும் வருடத்தில் அவளுக்கு என் குரல் இல்லாமல் போகும். இதை நினைத்துத்தான் பல ராத்திரி உட்கார்ந்திருந்தேன். சொன்ன நாளிலிருந்து அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னேன். அங்கேயும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'இத்தெகிமாஸு' என்பார்கள், போய் வருகிறேன் என்று அர்த்தம், வீட்டில் இருப்பவர்கள் போய் வா என்று பதில் சொல்வார்கள் என்றேன். மூன்று முறை உரக்கச் சொன்ன பிறகு கேட்டது. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அவங்களும் அப்படித்தான் சொல்வாங்களா?" என்றாள். இரண்டு மாதத்தில் இதைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. கொஞ்ச நேரம் கழித்து, "அங்க அரிசி எப்படி இருக்கும்?" என்றாள். குட்டை அரிசி, ஒட்டிக்கொள்ளும் என்றேன். "தயிர் சாதத்துக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலன்று நீ அம்மாவுக்குப் போன் செய்தாய். என்னோடு பேசாமல் இருந்த காலத்திலும் அவளுக்குச் செய்தாய். அன்றைக்கு அவள் உன் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் திருப்பிச் சொன்னாள், உன் மாமியாரின் கால் வலி உட்பட. மெஷின் இல்லாமலே கேட்டதாம்! மூன்றாம் மாடியிலிருந்து மெஸ் அண்ணாச்சியிடம் இன்னொரு தோசை கேட்ட தொண்டை இல்லையா? அவளுக்குப் போனில் கேட்கும் ஒரே குரல் உன்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பத்து நிமிஷம், இந்த ஒரு வருடம் மட்டும் அவளோடு பேசு. நான் அந்த வாரம் என்ன படித்தேன், என்ன சாப்பிட்டேன் என்று உனக்கு எழுதி அனுப்புகிறேன், நீ உன் குரலில் சொல்லு. அவள் சொல்வதை எனக்கு எழுது.

மார்ச் கடைசி வாரம் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. மதுரையில் விடிகாலை வந்தே பாரத்தில் ஏறினால் மதியம் கன்டோன்மென்டில் இறங்கிவிடலாம், அங்கிருந்து நம் வீடு பக்கம்தான். உன் பருப்புப் பொடி ஒரு கிலோ கொண்டுவா, பூண்டு போடாமல். நீ வருவதைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீயே போன் செய்து சொல்லிவிடு.

அன்புடன்,
மல்லிகா