காலடிப்பேட்டைப் பெரியவருக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

தம்பி நேற்று மாலை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்தான். படியேறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். உள்ளே வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அந்த இரவில் என்ன ஆயிற்று என்பதை அறியாதவர் எங்கள் தெருவில் இல்லை என்பதால் அதை இங்கே திரும்ப எழுதவில்லை. எழுதக் கை வரவும் இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு அதை நாள் கடத்தாமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில், உங்களில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துப் பையோடு தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்கு நான் தனியே கிளம்பியது உங்களுக்குத் தெரியும். வழியில் முக்கால் மணி நேரம் எங்கே இருந்தேன் என்பதை மட்டும் இதுவரை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

திருவொற்றியூர் தேரடியைத் தாண்டிக் காலடிப்பேட்டைக்குள் வந்தபோது, சாலையில் நின்ற தண்ணீருக்காக வேகத்தைக் குறைத்தேன். கியரைக் குறைக்கக் காலை வைத்தால் லீவர் மட்டும் சுற்றியது; உள்ளே எதுவும் விழவில்லை. வண்டி நான்காவது கியரிலேயே திணறி நின்றுவிட்டது. மழை விடவில்லை, அந்தப் பகுதி முழுக்க மின்சாரமும் இல்லை. ஒரு சந்துக்குள் எமர்ஜென்சி விளக்கு எரிவது தெரிந்ததால், கிளட்சைப் பிடித்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அது ஒரு சிறிய லேத் பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் குடையோடு வெளியே வந்தார். இந்த நேரத்தில் எங்கே போகிறாய், ஏன் தனியாக வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார், பிறகு குனிந்து லீவரைப் பார்த்தார். அவர் மனைவி ஒரு துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, விளக்கை எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

லீவரைக் கழற்றியதும் அதன் துளைக்குள்ளிருந்து மெல்லிய தகரத் துண்டு ஒன்று விழுந்தது. பல் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த லீவரை மாற்றாமல், தகரத்தை இடையில் செருகி எங்கோ ஒரு கடையில் இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர் அதைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார், கோபப்படவில்லை. முதலில் லீவர் மாட்டியிருந்த தண்டை, அதாவது ஷாஃப்டை, கிரிப் பிளேயரால் பிடித்துத் திருப்பினார். பின்சக்கரம் சுற்றினால்தான் உள்ளே பல்லோடு பல் சேரும் என்பதால், வண்டியை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி ஒவ்வொரு கியராக நியூட்ரலுக்கு இறக்கினார். அதே பிளேயரை மாட்டிக்கொண்டு போய்விடவா என்று நான் கேட்டபோது மறுத்துவிட்டார். பிளேயர் வழுக்க வழுக்க ஷாஃப்டின் பல்லைத் தின்றுவிடும். லீவர் போனால் சில நூறு ரூபாயோடு போகும், ஷாஃப்ட் போனால் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார்.

மின்சாரம் இல்லாததால் லேத்தும் ஓடாது, வெல்டிங்கும் கிடையாது. வெல்டிங் இருந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன் என்றார் அவர். லீவரை ஷாஃப்டோடு பற்றவைத்துவிட்டால் பிறகு ஷாஃப்டை வெளியே உருவ முடியாது, அந்தச் சூட்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் போய்விடும் என்பதே காரணம். இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், மறுநாள் காலையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் எனக்கு அந்த யோசனையைத்தான் சொன்னார்கள்.

அவர் கையில் இருந்தவை ஹாக்ஸா பிளேடும் முக்கோண அரமும் மட்டுமே. லீவருக்குப் பதிலாக ஒன்றைச் செய்ய, மூலையில் கிடந்த பழைய இரும்பு கேட்டின் கீல் பட்டைகள் இரண்டை எடுத்தார். ஓர் அங்குல அகலம், கால் அங்குல கனம், போல்ட் ஓட்டைகள் ஏற்கெனவே போட்டவை. ஒன்றை ஏழு அங்குலத்துக்கும் மற்றொன்றை இரண்டரை அங்குலத்துக்கும் அறுத்தார். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, குறுக்காக முக்கோண அரத்தால் ஒரு பள்ளம் ராவினார். அரம் ஒரு பக்கமாகத்தான் போகும். திரும்பி வரும்போது இரும்பில் படாமல் தூக்கிக்கொள்வார். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கட்டைவிரலால் தூளைத் துடைத்துவிட்டு, பட்டையை ஷாஃப்டின் மேல் வைத்துப் பார்ப்பார். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஷாஃப்ட் உட்கார்ந்த பிறகும் பட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, நூலளவு இடைவெளி இருந்தால்தான் போல்ட்டை இறுக்க இறுக்கப் பிடி முழுவதும் ஷாஃப்டின் மேல் விழும் என்று என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரு பக்கமும் போல்ட் போட்டு, ஸ்பிரிங் வாஷர் வைத்து, 13 நம்பர் ஸ்பேனரால் மாற்றி மாற்றி இறுக்கினார். நீளப் பட்டையின் நுனியில், என் கால்விரல் படும் இடத்தில், சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். குதிகாலால் மிதிக்கப் பின்பக்கம் எதுவும் இல்லாததால், விரலை அடியில் கொடுத்துத் தூக்கித்தான் கியரைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு முறை செய்து பார்க்கவைத்தார்.

இத்தனை வேலைக்கும் நடுவில் அவர் தம்மைப் பற்றிப் பேசியது ஒரே ஒருமுறை. 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் வண்டிகள் திருவொற்றியூரில் தயாரான காலத்தில், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தவராம். பயிற்சியில் இருந்தபோது அரம் பிடிக்க மட்டுமே பல மாதங்கள் கற்றுக்கொடுத்தார்களாம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும், நியூட்ரலுக்கென்றே தனியாக ஒரு சின்ன லீவர் இருக்கும் என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது.

பணத்தை எடுத்தபோது என் கையை மடக்கிவிட்டார். "இது ஆஸ்பத்திரி போயி வூடு திரும்புற வரைக்கும் தாம்மா. காலைல புது லீவர் போட்டுடு. இதத் தூக்கிப் போட்டுடாத, வண்டியிலயே வெச்சிக்கோ. யாருக்குனா ஒதவும்" என்றார். ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தப் பை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. உங்கள் வீட்டு அம்மாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். நான் ஸ்டான்லியின் வாசலில் இறங்கும்வரை அவர் கொடுத்த துண்டு என் கழுத்தில்தான் இருந்தது.

தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் தெருப் பிள்ளைகள், கூலி வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், விடியுமுன் வந்து இரத்தம் கொடுத்த காசிமேட்டு நண்பர்கள், அம்மாவைத் தனியே விடாமல் ஐந்து இரவுகள் உடனிருந்த பக்கத்து வீட்டு அக்கா, எர்ணாவூரிலிருந்து தினமும் ஃபிளாஸ்கில் கஞ்சி கொடுத்தனுப்பிய அத்தை, வார்டில் என்னை அதட்டி உட்காரவைத்து இரண்டு இட்லி சாப்பிடச் செய்த செவிலியர் சகோதரி ஆகிய உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டியவள் நான். வீட்டுக்கு வந்து நேரில் சொல்கிறேன்.

புது லீவர் மாட்டியாகிவிட்டது. பெரியவர் செய்து கொடுத்ததை எண்ணெய் போட்டுத் துடைத்து, 13 நம்பர் ஸ்பேனரோடு சேர்த்துத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பள்ளத்தை விரலால் தடவியபடி வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவனுக்கு உடம்பு தேறியதும் நாங்கள் இருவரும் இதைப் போல ஐந்து செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். மூன்றை எண்ணூர் விரைவுச் சாலையோரத்தில் இரவிலும் திறந்திருக்கும் தேநீர்க் கடைகளில் கொடுத்துவைப்போம், ஒன்றை எங்கள் தெரு ஆட்டோ நிறுத்தத்தில் வைப்போம். யார் வண்டி நின்றாலும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ஐந்தாவதைக் காலடிப்பேட்டைக்கு எடுத்துப்போய்ப் பெரியவரிடம் காட்டி, அரம் பிடித்தது சரிதானா என்று கேட்க வேண்டும். துவைத்து மடித்த அந்தத் துண்டையும் அன்றைக்கே கொண்டுபோகிறோம்.

நன்றியுடன்,
எண்ணூரிலிருந்து உங்கள் சகோதரி