காந்தத்தோடு மல்லுக்கட்டும் மகளுக்கு

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு காந்தங்களை வட்டமாக ஒட்டி, நடுவில் ஐந்தாவதை மிதக்கவிட முயன்றால், கையை எடுத்த கணமே அது குப்புறக் கவிழ்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று புலம்பியிருக்கிறாய். கை நடுக்கமோ என்ற சந்தேகம் வேறு. உன் கையில் ஒரு குறையும் இல்லை, கண்ணே. எந்தக் கைக்கும் அது வசப்படாது.

1842-இல் சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அசையாத காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றின் விசையை மட்டும் நம்பி இன்னொரு காந்தம் நிலையாக நிற்கும் இடம் என்று ஒன்று கிடையாது. அது குதிரைச் சேணத்தின் மேல் வைத்த கோலிக்குண்டு மாதிரி: முன்னும் பின்னும் தடுப்பு இருக்கும், பக்கவாட்டில் வழுக்கிவிடும். பென்சிலில் கோத்த வளையக் காந்தங்கள் மிதக்கின்றனவே என்று கேட்பாய். கிட்டப் போய்ப் பார். மேல் வளையம் ஒரு பக்கம் பென்சிலில் சாய்ந்துகொண்டுதான் இருக்கும். பாதி வேலையைப் பென்சில் செய்கிறது. பெயர் மட்டும் காந்தத்துக்கு!

ஆனால் எர்ன்ஷா போட்ட வேலியில் சந்துகள் உண்டு. ஒன்று, சுழற்சி. ராய் ஹாரிகன் என்பவர் 1983-இல் காப்புரிமை பெற்ற காந்தப் பம்பரம் அப்படித்தான் மிதக்கிறது, சுழலும்வரை கவிழாது. அதில் எனக்குப் பொறுமை இல்லை. எடையில் இம்மியளவு பிசகினாலும் விழும். அறை வெப்பம் மாறினால் காந்தத்தின் பலமும் மாறி, காலையில் மிதந்தது மதியம் மிதக்காது.

நீ செய்ய வேண்டியது இன்னொன்று. பைரோலிட்டிக் கிராஃபைட் என்று கேட்டு ஒரு சிறு தகடு வாங்கு; அது கரியின் ஒரு வகை. காந்தப்புலம் எங்கிருந்தாலும் விலகி ஓடும் குணம் அதற்கு; எர்ன்ஷாவின் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. நியோடிமியம் என்ற பலமான காந்த வகையில் நான்கு கனசதுரங்களைச் சதுரங்கக் கட்டம்போல வை: ஒன்றில் வடமுனை மேலே என்றால் அதன் பக்கத்தில் தென்முனை மேலே. அப்படி வைத்தால் அவையே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். தகட்டை மேலே வைத்து விடு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார். தடையில்லாமல் மறுபக்கம் வரும். விரலால் தட்டினால் ஆடி, மறுபடி நடுவுக்கே வந்து சேரும். மின்சாரம் இல்லை, சுழற்சி இல்லை.

இதே விலகல்தான் 1997-இல் நெதர்லாந்தின் நைமேகனில் உயிருள்ள தவளையையே மிதக்க வைத்தது. அதற்கு 16 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் புலம் தேவைப்பட்டது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே கைமுக்கு 2000-இல் கேலிக்குத் தரும் இக்நோபலும், ஓர் அணு தடிமனே உள்ள கரிப்படலமான கிராஃபீனுக்காக 2010-இல் நிஜ நோபலும் கிடைத்தன. விளையாட்டு வீண் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்.

இனி அம்மாவின் கண்டிப்பு. உன் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். இப்படிப்பட்ட காந்தம் இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். வேலை முடிந்ததும் எண்ணிப் பூட்டி வை. ஒன்று குறைந்தாலும் தேடாமல் தூங்காதே. இரண்டு மோதினால் சில்லுத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். துளை போட நினைக்காதே, அந்தத் தூள் தீப்பிடிக்கும். சூடான பசைத் துப்பாக்கியும் வேண்டாம். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும்.

தகடு அடுக்கடுக்காக இருக்கும். பிளேடு நுனியால் ஓர் அடுக்கை உரித்து மெல்லிதாக்கினால் இன்னும் கொஞ்சம் உயரே மிதக்கும். எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து எழுது.

அன்புடன்,
அம்மா