நான்காவதாக வந்தவன் தொடர்ந்து ஓடட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளிகளுக்கிடையிலான 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் உங்கள் மகன், என் மருமகன், நான்காவதாக வந்ததை அடுத்து, அவனுடைய திடல்தடப் பயிற்சியை இத்துடன் நிறுத்திவிட்டு அந்த நேரத்தைத் துணைப்பாட வகுப்புக்குக் கொடுக்க நீங்கள் முடிவெடுத்திருப்பதாக அண்ணி சொன்னார். “பதக்கம் வராத ஓட்டத்துக்கு இவ்வளவு நேரம் எதற்கு?” என்று நீங்கள் கேட்டீர்களாம். இங்கே சிங்கப்பூரில் பல வீடுகளில் இதே கேள்வி எழுவதால், உங்கள் இசைவைப் பெற்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பங்கேற்றாலே போதும், வெற்றி முக்கியமில்லை என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் வெல்லத்தான் ஓடினான். வெல்லும் எண்ணம் எட்டுத் தடங்களிலும் இல்லாவிட்டால் அங்கே நடப்பது போட்டியே அல்ல. ஆனால் வெற்றி என்பது ஓட்டத்துக்குள் இருக்கும் இலக்கு. ஒருவன் தொடர்ந்து ஓடலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது.

நம் சிங்கப்பூர் ஓட்டவீரர் குணாளனை எண்ணிப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், 100 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவின் ஜெகதீசனிடம் தங்கத்தை இழந்து வெள்ளியோடு திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் இறுதிச் சுற்றுக்குக்கூடச் செல்லவில்லை. பதக்கக் கணக்கில் அது வெறுங்கை. ஆனால் அங்கே அவர் ஓடிய 10.38 வினாடி, 2001இல் யு. கே. ஷியாம் 10.37 வினாடியில் ஓடும் வரை, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. மெக்சிகோ நகரம் உயரமான இடம், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் குறுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு அது சாதகம் என்பது உண்மைதான். ஆனாலும் தனியாக ஓடியிருந்தால் அந்த வேகம் அவரிடமிருந்து வெளிப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. தம்மைவிட வேகமானவர்கள் பக்கத்துத் தடத்தில் இருந்ததுதான் அதை வெளிக்கொணர்ந்தது. போட்டியின் பயன் இதுவே என்று நினைக்கிறேன்: நம்மால் எவ்வளவு முடியும் என்பதை நமக்குக் காட்டுவதற்கு இன்னொருவர் தேவைப்படுகிறார், அவர் நம்மைத் தோற்கடித்தாலும்கூட.

நம் ஓட்டவீராங்கனை சாந்தி பெரேராவின் கதை உங்களுக்கே தெரியும். 2015இல் சொந்த மண்ணில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் 200 மீட்டர் தங்கம் வென்றவருக்கு, அதே தங்கம் மீண்டும் கிடைத்தது 2022இல்தான். இடைப்பட்ட காலத்தில் உதவித்தொகையும் கைவிட்டுப் போனது. 2023இல் ஹாங்சோவில் அவர் வென்ற ஆசிய விளையாட்டுத் தங்கம், திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளில் கிடைத்த முதல் தங்கம். எல்லாரும் அப்படி வெல்வார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோர் வெல்ல மாட்டார்கள், மருமகனும் வெல்லாமல் போகலாம். தோற்ற ஆண்டுகளில் அவரை யாராவது நிறுத்தியிருந்தால், அவரால் எவ்வளவு முடியும் என்பது அவருக்கே தெரியாமல் போயிருக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உங்கள் கவலையை நான் லேசாக எண்ணவில்லை. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் விளையாட்டு போன்ற திறன்களைக் கொண்டும் மாணவர்களைச் சேர்க்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வந்த பிறகு, விளையாட்டுப் பதக்கம் பிள்ளைகளின் அடுத்த பள்ளிக்கான நுழைவுச்சீட்டாகவே பல பெற்றோருக்குத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தில், எந்தக் கதவையும் திறக்காத நான்காம் இடம் வீண் என்று தோன்றுவது இயல்பு. அவனுக்கோ அந்த நான்காம் இடம், முன்னால் ஓடிய மூவரை அடுத்த ஆண்டு எப்படி நெருங்குவது என்ற தெளிவான கேள்வி. பதினைந்து வயதில் அப்படியொரு கேள்வியைத் தானாகவே சுமக்க முன்வரும் பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

தேர்வுக் காலத்தில் பயிற்சி நாள்களைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு அவனும் சம்மதிப்பான். முடிவெடுக்கும் முன் பயிற்றுவிப்பாளரிடம் அவனுடைய கடந்த இரண்டு பருவத்து நேரங்களைக் கேட்டு வாங்கி, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை