ஞாயிறு பயிற்சி: பிக்காசோவின் சர்க்கஸ்காரர்கள்

நண்பர்களே, இந்த வாரம் பிக்காசோ 1905 வாக்கில் வரைந்த சர்க்கஸ் கலைஞர்களைப் பார்த்து வரைகிறோம். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் குடியிருந்தவர், பக்கத்திலிருந்த மெத்ரானோ சர்க்கஸுக்கு அடிக்கடி போவார். ஆனால் அவர் வரைந்ததில் வித்தையைவிட ஓய்வுதான் அதிகம். மடியில் குழந்தையோடு தாய், அருகில் கணவன், காலடியில் குரங்கு: ஆட்டம் முடிந்த ஒரு குடும்பம், அவ்வளவுதான். எனக்கு இவை, உருவங்களைக் கோண வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் அவருடைய கியூபிசப் படங்களைவிடப் பிடிக்கும் (சண்டைக்கு வரலாம்!).

இந்தக் காலத்து அச்சுப்படங்கள் சிலவற்றையும் அனுப்புகிறேன். உலோகத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறியவை. 1913இல் பாரிஸ் கலை வணிகர் வொல்லார் இவற்றைத் தொகுப்பாக வெளியிட்டார். தகட்டில் விழுந்த கீறலை எளிதில் அழிக்க முடியாது. அதனால் நாமும் பேனாவில் மட்டும் வரைவோம். அப்புறம், ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.